விலா எலும்பு கையில் தட்டுப்படுகிறதா? செல்லநாயின் எடை பற்றி ஓர் எளிய விளக்கம்

நாய் வளர்ப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் எடைப் பேச்சு வராமல் இருக்காது. "கருத்தடை செய்த பிறகுதான் இப்படி ஊதிவிட்டது" என்பார் ஒருவர். "சோறு போடாதீர்கள், எல்லாம் அதனால்தான்" என்பார் இன்னொருவர். "தினமும் நன்றாக ஓடவிடுங்கள், தானே இளைத்துவிடும்" என்று மூன்றாமவர் சொல்ல, "லாப்ரடார் என்றால் குண்டாகத்தான் இருக்கும்" என்று நான்காமவர் பேச்சை முடித்துவைப்பார். நான்கிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த அளவு எவ்வளவு என்று தெரியாததால்தான், மாதக்கணக்கில் ஓடவிட்டும் நாய் இளைக்காமல், "இதன் உடல்வாகு அப்படி" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடுதல் எடையை மூட்டுகளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவது நாய்தான்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் லாப்ரடாரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நம் ஊர் வீடுகளில் பரவலாக வளர்வதும் அதுதான், எடைப் பிரச்சினையில் எளிதாகச் சிக்குவதும் அதுதான். பிற இன நாய்களுக்கும் அடிப்படை ஒன்றே.

சரியான எடை என்பது எத்தனை கிலோ?

பலரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. வளர்ந்த லாப்ரடார் 25 கிலோவும் இருக்கலாம், 36 கிலோவும் இருக்கலாம். இரண்டும் அந்த இனத்தின் இயல்பான வரம்புக்குள்தான் வருகின்றன. எலும்புக் கட்டு சிறிய ஒரு பெண் நாய்க்கு 32 கிலோ என்பது அதிகம். உயரமான ஓர் ஆண் நாய்க்கு அதே 32 கிலோ கச்சிதம். ஆகவே இணையத்தில் கிடைக்கும் எடை அட்டவணையோடு உங்கள் நாயை ஒப்பிட்டுக் கவலைப்படுவதிலும் பயனில்லை, நிம்மதி அடைவதிலும் பயனில்லை.

கால்நடை மருத்துவர்கள் இதற்காகவே 'உடல்நிலை மதிப்பெண்' என்ற முறையை வைத்திருக்கிறார்கள். உடலில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பதைப் பார்த்தும் தொட்டும் கணித்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் தருவது இந்த முறை. 1 என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறது. 9 என்றால் மிகையான பருமன். 4 அல்லது 5 இருந்தால் சரியான நிலை. 5-க்கு மேல் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதக் கூடுதல் எடையைக் குறிக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதலில் உங்கள் இடக்கையை மேசைமீது குப்புற வைத்து விரல்களை நீட்டுங்கள். வலக்கை விரல் நுனிகளால் புறங்கையின் எலும்புகளை மெல்லத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தட்டுப்படும், ஆனால் துருத்திக்கொண்டிருக்காது. இப்போது முஷ்டியை மடக்கி, விரல் கணுக்களைத் தடவுங்கள். எலும்பு கூர்மையாக நிற்கும். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் சதைப்பகுதியை அழுத்திப் பாருங்கள். எலும்பு இருக்கிறது, ஆனால் அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து நாயை நிற்க வைத்து, பின்புறமிருந்து இரு கட்டைவிரல்களையும் முதுகுத்தண்டின்மேல் ஊன்றி, மற்ற விரல்களை விலாவின் இருபுறமும் படரவிட்டு முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். புறங்கை போல இருந்தால் நாய் சரியான எடையில் இருக்கிறது. முஷ்டி போல இருந்தால் மெலிந்திருக்கிறது. உள்ளங்கை போல இருந்தால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கித் தெரிகிறதா, பக்கவாட்டில் பார்க்கும்போது நெஞ்சிலிருந்து வயிறு பின்னோக்கி மேலே ஏறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு உறுதிப்படும். அடர்ந்த ரோமம் உள்ள நாய்களில் கண்ணை நம்பாமல் கையையே நம்ப வேண்டும்.

இங்கே சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இவை இரையைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறும் இவற்றின் பிறவி அமைப்பு. கடைசி விலா எலும்புகள் சில வெளியே தெரிவது இயல்பு. தெருவில் போகிறவர்கள் "பாவம், பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்பதைத் தாங்க முடியாமல் இவற்றைக் கொழுக்க வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாட்டு வேட்டை நாயை லாப்ரடாரின் அளவுகோலால் பார்க்கக் கூடாது. லாப்ரடாரின் பருமனைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குச் சரியான நாயே ஒல்லியாகத் தெரிகிறது என்பதுதான் உண்மை நிலை.

இதுவரை பார்த்ததன் சாரம்: சரியான எடையை இன அட்டவணை சொல்லாது. விலாவைத் தடவும் விரல்களே சொல்லும். தராசு தேவைப்படுவது, எடை எந்தத் திசையில் போகிறது என்று மாதந்தோறும் பார்ப்பதற்கு.

மாதச் சம்பளமும் உடலின் கணக்கும்

எடை கூடுவதைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தின் வரவு செலவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் வருகிறது. அதில் பெரும்பங்கு வாடகை, மின்கட்டணம், மளிகை என்று நிலையான செலவுகளுக்குப் போய்விடுகிறது. வீட்டில் யாரும் வெளியே கிளம்பாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. பஸ், ஆட்டோ, சினிமா என்று வெளியே போய்வரும் செலவு தனி. நிலையான செலவோடு ஒப்பிட்டால் அது சிறியது. இரண்டும் போக மீதம் இருந்தால் அது சேமிப்புக்குப் போகிறது.

நாயின் உடலில் சம்பளம் என்பது உணவு. அதை அளக்கும் அலகு கலோரி. நிலையான செலவுக்கு 'ஓய்வுநிலை ஆற்றல் தேவை' என்று பெயர்: நாய் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடல் சூட்டைக் காக்க, பழைய செல்களைப் புதுப்பிக்க ஆகும் கலோரி. நடை, ஓட்டம், விளையாட்டு எல்லாம் வெளியே போய்வரும் செலவு. மீதமாகும் கலோரி கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது.

இந்த ஓய்வுநிலைத் தேவை உடல் எடையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி, 20 கிலோ நாய்க்குச் சுமார் 660, 30 கிலோ நாய்க்குச் சுமார் 900. எடை மூன்று மடங்கு கூடினாலும் தேவை மூன்று மடங்கு ஆவதில்லை. கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாயின் மொத்தத் தேவை என்று மருத்துவர்கள் வழக்கமாகக் கணக்கிடுவது இந்த எண்ணைப் போல் சுமார் 1.6 மடங்கு. 30 கிலோ லாப்ரடாருக்கு அது 1,435 கலோரி அளவில் வரும். இது தொடக்கக் கணக்குதான். நாளெல்லாம் சோபாவில் கிடக்கும் நாய்க்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

ஒரு லாப்ரடாரின் ஒரு நாள்

அடுக்ககத்தில் வளரும் ஒரு 30 கிலோ லாப்ரடாரின் நாளைப் பார்ப்போம். காலையில் ஒரு டம்ளர் பால், 130 கலோரி. தாத்தா காபி குடிக்கும்போது பங்கு கேட்டு வாங்கிய மாரி பிஸ்கட் நான்கு, ஏறத்தாழ 100 கலோரி. காலையும் மாலையும் சேர்த்து 300 கிராம் உலர் உணவு. 100 கிராமுக்கு 360 கலோரி என்று வைத்தால் 1,080. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை தட்டிலிருந்து கொடுத்த சப்பாத்தி ஒன்று, 100. இரவில் மிஞ்சிய சோறு 150 கிராம், 195 கலோரி.

மொத்தம் 1,600 கலோரியைத் தாண்டிவிட்டது. தேவையைவிட நாளொன்றுக்கு 170 கலோரி அதிகம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. இந்த மிச்சம் மாதத்துக்கு அரைக் கிலோவுக்கும் மேல் கொழுப்பாகத் தங்கும். எடை ஏற ஏற உடலின் நிலையான செலவும் கொஞ்சம் கூடுவதால் இதே வேகம் என்றைக்கும் நீடிக்காது என்றாலும், ஓராண்டில் நாயின் இடுப்பு காணாமல் போக இது போதும்.

இந்தக் கணக்கில் யாரும் அளவு மீறிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் "நான் கொஞ்சம்தான் கொடுத்தேன்" என்பார்கள், அது உண்மையும்கூட. ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்ததுதான் இந்தப் பால், பிஸ்கட், சப்பாத்தி, சோறு. உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் 300 கிராம் என்ற அளவு, நாய் அந்த உணவை மட்டுமே சாப்பிடுகிறது என்ற கணக்கில் எழுதப்பட்டது. மற்றவற்றைக் கொடுக்கும்போது இதைக் குறைக்க வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளில் தோன்றுவதே இல்லை.

சிறிய நாய்க்கு இது இன்னும் கடுமை. 8 கிலோ பக் நாய்க்கு நாள் முழுவதற்கும் 530 கலோரி அளவே தேவை. ஐந்து மாரி பிஸ்கட் கொடுத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முடிந்துபோயிற்று. நமக்கு ஐந்து பிஸ்கட் என்பது ஒரு கொறிப்பு. அந்த நாய்க்கு அது ஒருவேளைச் சாப்பாட்டில் பாதிக்குப் பக்கத்தில் வருகிறது. எல்லாத் தின்பண்டமும் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஓடவிட்டால் இளைக்குமா?

நாய் நடக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமாக ஒரு கலோரி கூடுதலாகச் செலவாகும். 30 கிலோ லாப்ரடார் காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் 60 கலோரி. வீடு திரும்பியதும் "நல்ல பிள்ளை" என்று மூன்று பிஸ்கட் கொடுத்தால் நடந்த கணக்கு முழுதும் திரும்பி வந்துவிடும். சம்பளக் கணக்கில் பஸ் கட்டணத்தைக் கூட்டிக் குறைத்து வாடகைப் பணத்தை ஈடுகட்ட முடியாதது போலத்தான் இதுவும்.

அதற்காக நடை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நடக்கும் நாயின் தசை வலுவாக இருக்கிறது, மூட்டு இறுகுவதில்லை, புதிய வாசனைகளை மோந்து திரிவதில் அதன் மனம் நிறைகிறது, வீட்டில் குரைப்பதும் கடித்துக் குதறுவதும் குறைகின்றன. உணவைக் குறைத்து எடை இறங்கும் காலத்தில் கொழுப்போடு தசையும் கரையாமல் காப்பதில் நடைக்குப் பெரும் பங்கு உண்டு. எடையைக் குறைக்கும் முதன்மையான வேலை மட்டும் உணவுத் தட்டில்தான் நடக்கிறது.

ஏற்கெனவே பருத்த நாயைத் திடீரென்று ஓடவிடுவது ஆபத்தும்கூட. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை; பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. தோலுக்கு அடியில் படிந்த கொழுப்பு அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலோ மதுரையிலோ காலை எட்டு மணிக்கு மேல் பருத்த நாயை ஓட்டுவது வெப்பவாதத்தை வரவழைக்கும் காரியம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அபாயம் இரட்டிப்பு. சூரியன் ஏறுவதற்கு முன்னால் அல்லது நன்றாக இருட்டிய பின், உங்கள் புறங்கையை வைத்துத் தாங்கும் அளவுக்குத் தரை ஆறியிருந்தால் மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.

சோறும் கருத்தடையும்

"நாய் ஓநாயின் வாரிசு, அதற்குச் சோறே ஆகாது" என்ற பேச்சு இப்போது பரவலாகிவிட்டது. 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்கு நல்ல பதில் தந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைச் சுரக்க வைக்கும் மரபணு, ஓநாயைவிட நாயில் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. மனிதரின் அடுப்பங்கரையை ஒட்டி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாய் சோற்றுக்கும் பழகிவிட்டது. 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 130 கலோரிதான். அதே எடை உலர் உணவில் இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சோறு நாயை மாயமாகக் கொழுக்க வைப்பதில்லை. தட்டில் விழும் அளவும், அதன்மேல் ஊற்றும் நெய்யும்தான் கொழுக்க வைக்கின்றன. ஒரு தேக்கரண்டி நெய்யில் மட்டும் 45 கலோரி இருக்கிறது. வெறும் தயிர்ச்சோற்றில் புரதமும் தாதுக்களும் போதாது என்பது உண்மையான குறை. அது ஊட்டச்சத்துப் பிரச்சினை, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கருத்தடை விஷயத்தில் மக்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடலின் ஆற்றல் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. நிலையான செலவு குறைந்த வீட்டுக்கு அதே சம்பளம் வந்துகொண்டிருந்தால் சேமிப்பு தானாக ஏறும். தையல் பிரிக்கும் நாளிலேயே மருத்துவரிடம் உணவின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டுவிட்டால் பிரச்சினை அங்கேயே முடியும். எடைக்குப் பயந்து கருத்தடையைத் தள்ளிப்போடுவது தவறு. பெண் நாய்களைக் கொல்லக்கூடிய கருப்பைச் சீழ் நோயிலிருந்து காப்பது அந்த அறுவை சிகிச்சைதான்.

சுருக்கமாக: எடையைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரி. நடை உடலுக்கு நல்லது, ஆனால் எடைக் கணக்கில் அதன் பங்கு சிறியது. சோறு தனியாகக் குற்றவாளி ஆகாது. கருத்தடைக்குப் பின் உணவைக் குறைக்க வேண்டும்.

எப்போதும் பசிக்கும் நாய்

சாப்பிட்டு முடித்த ஐந்தாவது நிமிடமே வெறும் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும் லாப்ரடாரைப் பார்த்திருப்பீர்கள். அது நடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் ஒரு மரபணுவின் சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். 'போதும்' என்ற செய்தியை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்கு வகிக்கும் மரபணு அது. விடுபட்ட பிரதி ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஏறக்குறைய 2 கிலோ எடை கூடுதலாக இருந்தது. பார்வையற்றோர் போன்றோருக்கு உதவப் பயிற்சி பெறும் லாப்ரடார்களில் நான்கில் மூன்று நாய்களிடம் இந்தக் குறை இருந்தது. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய்களே அந்த வேலைக்கு எளிதாகத் தேர்வாகியிருக்கலாம். அதே குழுவினர் 2024-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், இந்த மரபணுக் குறை உள்ள நாய்கள் இரு வேளை உணவுக்கு இடையே அதிகமாகப் பசிப்பதும், ஓய்வில் இருக்கும்போது சுமார் 25 சதவீதம் குறைவாகக் கலோரி செலவழிப்பதும் தெரியவந்தது.

ஆக, அந்த நாயின் பசி நிஜம். அது பொய் சொல்லவில்லை, பேராசையும் படவில்லை. அடுத்த வேளை வருவதற்குள் அதற்கு உண்மையாகவே பசிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் மாறும். நாயின்மேல் கோபம் வராது. அதன் கெஞ்சலை வைத்து உணவின் அளவை முடிவு செய்யவும் மாட்டோம். மரபணு எடையைக் கூட்ட முனைந்தாலும், தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது நம் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட லாப்ரடார்களையும் சரியான எடையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாடுபடுகிறார்கள், அவ்வளவுதான்.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

சம்பளக் கணக்கு ஓர் இடத்தில் பொருந்தாமல் போகிறது. வங்கியில் போட்ட பணம் அமைதியாகக் கிடக்கும். உடல் கொழுப்பு அப்படியல்ல. அது தானே பல வேதிப்பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. கொழுப்பு அளவு மீறும்போது இவற்றில் சில, உடல் முழுதும் மெல்லிய அழற்சியை மூட்டிவிடுகின்றன. அழற்சி என்பது காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது போன்ற உடலின் எதிர்வினை. பருத்த நாயின் மூட்டுத் தேய்மானத்துக்குச் சுமை மட்டும் காரணமில்லை, இந்த அழற்சியும் காரணம்.

இதன் விலை என்ன என்பதை 48 லாப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து, வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். 2002-இல் முடிவுகள் வெளிவந்தன. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். அதிகம் உண்டவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாக உண்டவற்றுக்கு வெகு தாமதமாகத்தான். இந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது வேறொன்று: அதிகம் உண்ட நாய்கள் உருண்டு திரண்டவை அல்ல, சராசரியாக ஒன்பதில் ஏழு மதிப்பெண்ணை ஒட்டிய, 'கொஞ்சம் பூசினாற்போல' இருந்த நாய்கள்தாம். நம் வீடுகளில் "நல்லா இருக்கு, லட்சணமா இருக்கு" என்று நாம் சொல்வது அந்த உடலைத்தான்.

இளைக்க வைப்பது எப்படி?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைபாட்டால் எடை கூடலாம். வயிற்றில் நீர் கோத்திருப்பதைக் கொழுப்பு என்று நினைத்திருக்கலாம். எடை கூடுவதோடு நாய் சோர்ந்து கிடந்தாலோ, ரோமம் உதிர்ந்தாலோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ பரிசோதனை கட்டாயம். குட்டிகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் நாய்களுக்கும் இங்கே சொல்லும் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்குவதே பாதுகாப்பான வேகம். 38 கிலோவாகிவிட்ட லாப்ரடாரை 30 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், வாரம் 400 முதல் 700 கிராம். மூன்று முதல் ஐந்து மாதங்கள் பிடிக்கும். இதற்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் அளவு, இலக்கு எடையின் ஓய்வுநிலைத் தேவை. 30 கிலோவுக்கு அது 900 கலோரி. வழக்கமான உணவையே பாதியாக வெட்டினால் புரதமும் வைட்டமின்களும் பாதியாகிவிடும் என்பதால், இவ்வளவு குறைக்கும்போது எடைக் குறைப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட உணவைப் பரிந்துரைப்பார்கள்.

நடைமுறையில் பெரிதும் பலன் தருவது ஒரு மூடி போட்ட டப்பா. காலையில் அந்த நாளுக்கான உலர் உணவு முழுவதையும் சமையலறைத் தராசில் நிறுத்து அதில் போட்டுவிடுங்கள். கரண்டி, கப் அளவுகள் கைக்குக் கை மாறும், கிராம் மாறாது. இரண்டு வேளை உணவு, பயிற்சிக்கான பரிசு, தாத்தாவின் காபி நேரத்துப் பங்கு எல்லாம் அந்த டப்பாவிலிருந்து மட்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தாத்தாவிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் அவருக்கும் வருத்தம், நாய்க்கும் ஏமாற்றம். டப்பாவிலிருந்து நான்கு துண்டு எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், பிஸ்கட்டுக்கும் அதற்கும் நாய் பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கித் தின்பது.

பசி தாங்காத நாய்க்கு வேகவைத்த பீன்ஸ், வெள்ளரித் துண்டு, கொஞ்சம் கேரட், பூசணி கொடுக்கலாம்; வயிறு நிறையும், கலோரி அதிகம் ஏறாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால், வெங்காயம் போட்டுத் தாளித்த பொரியல், சாம்பார்க் காய் எதுவும் கூடாது. உணவைத் தட்டில் கொட்டாமல், உருட்டினால் ஒவ்வொன்றாக விழும் பந்துக்குள் போட்டுக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் விழுங்குவதைக் கால் மணி நேரம் உழைத்துச் சாப்பிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். சிறிய நாயானால் அதைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடலாம்; பெரிய நாய்க்கு மருத்துவமனை மேடைத் தராசுதான் சரி. இரண்டு முறை நிறுத்தும் எடை இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு அளவை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். இலக்கை எட்டிய பிறகு ஒரேயடியாகப் பழைய அளவுக்குப் போகாமல், சிறிது சிறிதாகக் கூட்டி, எடை அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அளவு பெரும்பாலும் பழைய அளவைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் இப்போது பராமரிக்க வேண்டிய உடலும் சிறியது. அதன்பின் மாதம் ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்தால் போதும். எதையும் குறைக்காமலேயே எடை இறங்கத் தொடங்கினால், அது வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.